கட்டுவதற்குப் பணம் கிடைத்துவிடும், காப்பதற்கு? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

போரிலும் பேரிடரிலும் சிதைந்த நாடுகள் தங்கள் சாலைகளையும் ரயில் பாதைகளையும் துறைமுகங்களையும் எப்படி மீட்டெடுக்கின்றன, அதற்கான பணம் எங்கிருந்து வருகிறது, கட்டியது நிலைத்து நிற்க என்ன வேண்டும் என்பவை குறித்து நெல்லைச் சீமையிலிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் எழுதியிருக்கிறேன். 2023 டிசம்பர் வெள்ளத்தை நேரில் கண்டவர்களின் கடிதங்கள் ஆகையால், பெரும்பாலானவை சுற்றி வளைக்காமல் நேராகக் கேட்கின்றன.

கேள்வி: 2023 வெள்ளத்தில் எங்கள் ஊர் வழியாகச் செல்லும் ரயில் பாதை அரித்துப் போனது. மூன்று வாரத்துக்குள் மீண்டும் ரயிலை ஓட வைத்துவிட்டார்கள். உக்ரைனில் மறுகட்டமைப்புக்குப் பத்தாண்டு ஆகும் என்கிறார்கள். சேதத்தின் அளவைத் தவிர இரண்டுக்கும் வேறு வித்தியாசம் உண்டா, ஐயா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், ஸ்ரீவைகுண்டம்

பதில்: உண்டு. அறுந்த வழியை உடனே திறப்பது ஒரு வேலை. அந்த வழி இனி எங்கே, எவ்வளவு உயரத்தில், யாருக்காக இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பது வேறு வேலை. முதல் வேலையில் நம் நாட்டு ரயில்வேக்கு நல்ல பழக்கம் இருக்கிறது. 1964 டிசம்பர் புயலில் பாம்பன் பாலம் சிதைந்தபோது, அதைச் சரிசெய்ய ஆறு மாதம் தேவை என்று கணக்கிட்டிருந்தார்கள். இளம் பொறியாளராக இருந்த இ. ஸ்ரீதரனின் பொறுப்பில் 46 நாளில் அந்த வேலை முடிந்தது. உங்கள் ஊர்ப் பாதையும் அந்த வரிசையில் வருவதுதான். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டிய மழையில், செய்துங்கநல்லூருக்கும் ஸ்ரீவைகுண்டத்துக்கும் இடையே கரை மண்ணும் ஜல்லியும் அடித்துச் செல்லப்பட்டு, தண்டவாளம் சிலிப்பர்களோடு அந்தரத்தில் தொங்கியதையும், செந்தூர் எக்ஸ்பிரஸில் வந்த சுமார் 800 பயணிகள் உங்கள் ஊரில் சிக்கித் தவித்ததையும் நாடே பார்த்தது. அதன் பிறகு 2024 ஜனவரி முதல் வாரத்திலேயே ரயில் ஓடியது பாராட்டுக்குரியது.

இரண்டாவது வேலை அவ்வளவு எளிதன்று, ஏனென்றால் அங்கே வேகத்தைவிட யோசனைக்குத்தான் மதிப்பு. இருந்ததை இருந்தபடியே கட்டுவதா, இடம் மாற்றுவதா, கட்டாமலே விட்டுவிடுவதா என்ற மூன்று கேள்விகளையும் ஒவ்வொரு பாலத்துக்கும் ஒவ்வொரு சாலைக்கும் தனித்தனியே கேட்டாக வேண்டும். நான் சொன்ன அதே 1964 புயலுக்குப் பிறகு பாம்பன் பாலத்தை உடனே மீட்டவர்கள், தனுஷ்கோடி வரை இருந்த பாதையை மீண்டும் போடவில்லை. கடல் ஏறி வந்து கொண்டுபோன மணலில் மறுபடியும் பணத்தைக் கொட்டாமல் விட்டதையும் மறுகட்டமைப்பின் ஒரு பகுதியாகவே நான் பார்க்கிறேன். இழந்ததையெல்லாம் திரும்பக் கட்டுவோம் என்று மேடையில் சொல்வது எளிது. எதைத் திரும்பக் கட்டமாட்டோம் என்று சொல்லும் துணிவு ஆட்சியாளர்களிடம் அரிது.

உக்ரைனின் நிலை இதைவிடச் சிக்கலானது. உலக வங்கி, ஐக்கிய நாடுகள் சபை, ஐரோப்பிய ஆணையம் ஆகியவை அந்நாட்டு அரசோடு சேர்ந்து 2025 பிப்ரவரியில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, பத்தாண்டு மறுகட்டமைப்புக்கு 52,400 கோடி டாலர் தேவை. அதில் போக்குவரத்துக்கு மட்டும் ஏறத்தாழ 7,800 கோடி டாலர். ஆனால் தொகையைவிட முக்கியமான முடிவு ஒன்று அங்கே எடுக்கப்பட வேண்டியிருக்கிறது. உக்ரைன் ரயில் பாதையின் அகலம், அதாவது இரு தண்டவாளங்களுக்கு இடையிலான தூரம், 1,520 மில்லிமீட்டர். மேற்கே ஐரோப்பாவின் அகலம் 1,435 மில்லிமீட்டர். எல்லையில் சரக்கை இறக்கி ஏற்ற வேண்டும், அல்லது பெட்டியின் சக்கரங்களை மாற்ற வேண்டும். சிதைந்த பாதையைப் பழைய அகலத்திலேயே போட்டால் உள்நாட்டு ரயில்கள் சீக்கிரம் ஓடும்; புதிய அகலத்தில் போட்டால் நாட்டின் வணிகம் நிரந்தரமாக மேற்கோடு இணையும், செலவும் காலமும் கூடும். மீட்டர் கேஜ் காலத்தை அறிந்த நெல்லைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1904-இல் கொல்லம் வரை முழுமையான மீட்டர் கேஜ் பாதை, செங்கோட்டைக்கு மேற்கே அகலப் பாதையாக மாறி முடிய 2018 ஆகிவிட்டது. ஒரு முறை எடுத்த முடிவு நூறாண்டுக்கும் மேலாக நம்மைக் கட்டிப்போட்டிருந்தது.

உங்கள் ஊர்ப் பாதைக்கும் அந்த இரண்டாவது கேள்வி பொருந்தும். தாமிரபரணிப் பாசனப் பரப்பின் குறுக்கே போகும் ரயில் கரையானாலும் சாலைக் கரையானாலும், குளம் உடைந்து தண்ணீர் வரும் நாளில் அது ஓர் அணையாகிவிடுகிறது. பழைய மழைக்கணக்கை வைத்து அந்தக் கரையில் விடப்பட்ட பாலக் கண்கள் இனி வரப்போகும் மழைக்குப் போதுமா என்பதைக் கணக்கிட்டுப் பார்க்காமல் ஜல்லியை மட்டும் நிரப்பினால், அடுத்த வெள்ளத்துக்கும் அதே செலவை எழுதி வைக்க வேண்டியதுதான்.

கேள்வி: மார்ஷல் திட்டம் என்று அமெரிக்கா இலவசமாகப் பணம் கொடுத்ததால்தான் ஜெர்மனி எழுந்தது என்று சொல்வார்கள். அப்படிக் கொடுப்பார் இல்லாத நாடு என்ன செய்யும்?
– மளிகைக் கடை உரிமையாளர், வள்ளியூர்

பதில்: 1948 முதல் 1952 வரை அமெரிக்கா, இரண்டாம் உலகப் போரில் சிதைந்த மேற்கு ஐரோப்பாவுக்கு ஏறத்தாழ 1,300 கோடி டாலர் மதிப்புக்கு உதவியது உண்மை. ஆனால் அதில் கற்க வேண்டியது தொகையில் இல்லை, அது கைமாறிய விதத்தில் இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து வந்தவற்றில் பெரும்பகுதி பொருள்: நிலக்கரி, பருத்தி, இயந்திரம், உணவு. அவற்றை வாங்கிய உள்நாட்டு வணிகரும் ஆலைக்காரரும் தங்கள் நாட்டுப் பணத்தில் விலையைக் கட்டினார்கள். அந்தப் பணம் ஒரு தனிக் கணக்கில் சேர்ந்தது. மேற்கு ஜெர்மனி அந்தக் கணக்கிலிருந்து இலவசமாக அள்ளிக் கொடுக்காமல் கடனாகக் கொடுத்தது. அதற்கென்றே 1948-இல் கேஎஃப்டபிள்யூ என்ற மறுகட்டமைப்பு வங்கி உருவானது. மின்சாரத்துக்கும் சுரங்கத்துக்கும் வீட்டுக்கும் கொடுத்த கடன் திரும்பி வந்தது. திரும்பி வந்த பணம் அடுத்தவருக்குக் கடனாகப் போனது. அந்த வங்கி இன்றும் இயங்குகிறது. நம் நாட்டு நகரப் போக்குவரத்துத் திட்டங்களுக்கும் கடன் கொடுத்திருக்கிறது. வணிகரான உங்களுக்கு முதலைச் சாப்பிடாமல் சுழல விடுவதன் அருமை என்னைவிட நன்றாகத் தெரியும்.

இதற்கு இணையாகச் சொல்ல வேண்டிய செய்தி ஒன்றுண்டு. 1953-இல் லண்டனில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் ஜெர்மனியின் பழைய வெளிநாட்டுக் கடன் ஏறத்தாழ பாதியாகக் குறைக்கப்பட்டது. மீதியைக் கட்டுவதும் அந்த நாட்டின் ஏற்றுமதி வருமானத்தோடு பொருந்தும்படி ஏற்பாடானது. பழைய கடனின் சுமையை இறக்காமல் புதிய கடனைத் தலையில் ஏற்றினால் எந்த நாடும் எழுந்து நிற்காது.

கொடுப்பார் குறைவாக இருந்த ஜப்பான் வேறு வழியைக் கண்டது. 1956-இல் அந்நாட்டு அரசின் அழைப்பில் வந்த அமெரிக்க நிபுணர் குழு, தொழில் வளர்ந்த எந்த நாடும் தன் சாலைகளை இவ்வளவு புறக்கணித்ததில்லை என்று எழுதியது. அதற்கு முன்பே, 1950-களின் தொடக்கத்தில், பெட்ரோல் வரியைச் சாலைக்கென்றே ஒதுக்கும் சட்டத்தை ஜப்பான் நிறைவேற்றிவிட்டது. ஒவ்வொரு ஆண்டும் நிதியமைச்சரிடம் கையேந்தாமல், வரும் பணம் இவ்வளவு என்று தெரிந்ததால் நீண்டகாலத் திட்டம் போட முடிந்தது. அந்த உறுதியான வருமானம் பின்னால் இருந்ததால் உலக வங்கியும் விரைவுச் சாலைகளுக்குக் கடன் கொடுத்தது. 1961-இல் புல்லட் ரயில் பாதைக்கு 8 கோடி டாலர் கொடுத்தது. 1964-இல் அந்த ரயில் ஓடியது. அந்த வங்கியிடம் வாங்கிய கடைசிக் கடனை 1990-இல் ஜப்பான் கட்டி முடித்தது.

நம் நாட்டு வரலாறும் இதில் சளைத்ததன்று. உலகப் போரில் தேய்ந்து, பிரிவினையில் சிதறிய ரயில்வேக்காகத்தான் 1949-இல் இந்தியா உலக வங்கியிடம் தன் முதல் கடனை, 3.4 கோடி டாலரை, வாங்கியது. சாலைக்கென்று எரிபொருளில் தனி வரி என்ற யோசனையும் நமக்குப் பழையதே: 1927-இல் அமைக்கப்பட்ட ஜெயகர் குழு பரிந்துரைத்து, 1929-இல் மத்திய சாலை நிதி உருவானது. கடன் வாங்குவது தவறன்று. அதைத் திருப்பிக் கட்டும் ஊற்று எது என்பதைக் கடன் வாங்கும் நாளிலேயே கைகாட்ட முடியவில்லையென்றால், அந்தக் கடனைத் தொடக்கூடாது.

கேள்வி: நாலுவழிச் சாலையில் போனால் ஊருக்கு ஊர் சுங்கச்சாவடி. எல்லா நாட்டிலும் இப்படித்தானா? போரில் அழிந்த நாட்டிலும் சுங்கம் வாங்கியே சாலை போட முடியுமா?
– வேன் ஓட்டுநர், நாங்குநேரி

பதில்: நெரிசலான வழித்தடத்தில் முடியும், மற்ற இடங்களில் முடியாது. வண்டிகள் ஆயிரக்கணக்கில் ஓடும் சாலையில்தான் சுங்கம் பசையுள்ள வருமானம். முகாமிலிருந்து ஊர் திரும்பி, இடிந்த வீட்டைக் கூரை போட்டு நிமிர்த்திக்கொண்டிருக்கும் மக்களின் கிராமச் சாலையில் சாவடி வைத்தால், வசூலிக்கும் ஆளின் சம்பளத்துக்குக்கூடப் பணம் தேறாது. எனவே மறுகட்டமைப்புக் காலத்தில் கிராமச் சாலைக்கு வரிப்பணமும் மானியமும், நெடுஞ்சாலைக்குக் கடனும் சுங்கமும் என்று பிரித்துக்கொள்வதே முறை.

தனியாருக்குச் சுங்க உரிமை கொடுக்கும்போது ஒப்பந்தத்தை எழுதுகிறவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். டெல்லி–நொய்டா மேம்பாலச் சாலையின் ஒப்பந்தத்தில், திட்டச் செலவின் மீது ஆண்டுக்கு 20 சதவீத வருவாய் கிடைக்கும்வரை சுங்கம் தொடரலாம் என்று எழுதியிருந்தார்கள். குறைந்த தொகை அடுத்த ஆண்டின் செலவோடு சேர்ந்துகொண்டே போனதால், எத்தனை வண்டி ஓடினாலும் கணக்கு அடையவில்லை. 2016-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் அந்தச் சுங்கத்தை நிறுத்தியது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. நீதிமன்றமும் பத்திரிகையும் விழித்திருந்த நாட்டிலேயே இப்படி ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டதென்றால், போர் முடிந்த மறுமாதம் அவசரத்தில் கையெழுத்திடும் நாட்டின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: வெளிநாட்டு உதவியில் கோடிக்கணக்கில் செலவழித்துப் போட்ட சாலைகள் சில ஆண்டிலேயே பாழாகிவிட்டன என்று பொருளாதார வகுப்பில் படித்தேன். ஊழல்தான் காரணமா?
– கல்லூரி மாணவி, அம்பாசமுத்திரம்

பதில்: ஊழலும் உண்டு. ஆனால் ஊழலே இல்லாமல் நேர்மையாகப் போட்ட சாலையும் பாழாகும் என்பதுதான் இதில் வருத்தமான உண்மை. இந்தப் பகுதியில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவதும் அதுவே. சாலையைப் போடுவதற்குப் பணம் கொடுக்க ஆள் இருக்கிறது, திறப்புவிழாவுக்கு ஆள் இருக்கிறது, பத்தாவது ஆண்டில் அதன் ஓரத்து வாய்க்காலைத் தூர்வாரக் கூலி கொடுக்க ஆள் இல்லை.

ஆப்கானிஸ்தானை எடுத்துக்கொள்ளுங்கள். 2002-க்குப் பிறகு அங்கே சாலைகளுக்காக அமெரிக்கா மட்டும் ஏறத்தாழ 280 கோடி டாலர் செலவிட்டது. அமெரிக்க அரசே அமர்த்திய தலைமைத் தணிக்கை அமைப்பு 2016-இல் வெளியிட்ட அறிக்கையில், ஆய்வு செய்த 20 சாலைப் பகுதிகளில் 19 சேதமடைந்திருந்தன. சில இடங்களில் வெடிப்பு, சில இடங்களில் பாலமே இல்லை. போர் ஒரு காரணம்; பராமரிப்பு இல்லாதது இன்னொரு காரணம். ஆண்டுக்குச் சுமார் 10 கோடி டாலர் இருந்தால் அந்தச் சாலைகளைக் காப்பாற்றலாம், காப்பாற்றாமல் விட்டால் மீண்டும் போட 830 கோடி டாலர் ஆகும் என்பது அந்த அறிக்கை எடுத்துக்காட்டிய கணக்கு. அந்த 10 கோடியைத் திரட்டித் தரும் வரியோ அதைச் செலவிடும் தனி அமைப்போ அந்த நாட்டில் உரிய காலத்தில் உருவாகவில்லை. ஆப்பிரிக்காவைப் பற்றி உலக வங்கி 1994-இல் சொன்னதும் இதே பாடம்தான்: உரிய நேரத்தில் 1,200 கோடி டாலர் பராமரிப்புக்குச் செலவிட்டிருந்தால், ஒரு பத்தாண்டில் 4,500 கோடி டாலர் மறுகட்டுமானச் செலவு மிஞ்சியிருக்கும்.

நீங்கள் இதைப் பார்க்க ஆப்கானிஸ்தானுக்குப் போக வேண்டாம். உங்கள் ஊர்ப் பக்கம் வயல்களுக்கு நடுவே போகும் ஏதாவது ஒரு சாலையில், மழை விட்ட மறுநாள் காலை நடந்து பாருங்கள். சாலையோர மண் ஆண்டுக்கணக்கில் புல்லும் குப்பையும் சேர்ந்து தார்ப் பரப்பைவிட நான்கு விரல் உயர்ந்திருக்கும். மழைத்தண்ணீர் வாய்க்காலுக்கு இறங்க வழியில்லாமல் தாரின் விளிம்பை ஒட்டியே தேங்கி நிற்கும். சிறுபாலத்தின் வாயில் ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக் பையும் அடைத்திருக்கும். தேங்கிய தண்ணீர் தாரின் நுண்ணிய வெடிப்பில் இறங்கி அடியிலுள்ள ஜல்லிப் படுகையை நெகிழ வைக்கும். அதன்மேல் சரக்கு லாரி ஏறும்போது தார் வலைபோல வெடிக்கும். அடுத்த மழையில் அந்த வலையிலிருந்து துண்டுகள் பெயர்ந்து குழியாகும். குழி விழுந்த பிறகு ஒட்டுப்போடுவதற்கும், குழி விழும் முன்பு மண்வெட்டியால் ஓரத்தைச் சீவித் தண்ணீருக்கு வழிவிடுவதற்கும் செலவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. ஓட்டு வீட்டில் வாழ்ந்தவர்கள் கோடையில் ஏறி உடைந்த ஓட்டை மாற்றிவிட்டு மழைக்குக் காத்திருந்தது இந்தக் கணக்கை அறிந்துதான்.

அந்த மண்வெட்டி பிடிக்கும் ஆள் யார்? சாலைப் பணியாளர். அரசுக்குப் பணமுடை வரும்போது முதலில் கத்தி விழுவது அவர்கள் மீதுதான். 2002-இல் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 10,000 சாலைப் பணியாளர்கள் பணிநீக்கம் செய்யப்பட்டு, 2006-இல்தான் மீண்டும் வேலைக்கு வந்தார்கள். பராமரிப்பை வெட்டினால் உடனே யாரும் கூச்சலிடுவதில்லை. சாலை மூன்று நான்கு ஆண்டு தாக்குப்பிடிக்கும். அதற்குள் அந்த முடிவை எடுத்தவர் வேறு பதவிக்குப் போயிருப்பார். எனவே மறுகட்டமைப்புத் திட்டம் எழுதும் நாடு, கட்டுமானக் கடனுக்குக் கையெழுத்திடும் அதே நாளில் பராமரிப்புக்கென்று தொடமுடியாத ஒரு நிதியை உருவாக்கியாக வேண்டும். 1990-களுக்குப் பிறகு ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் எரிபொருள் வரியில் ஒரு பங்கு நேராகச் சாலை நிதியத்துக்குப் போகும்படி சட்டமிட்டு, அதன் வாரியத்தில் லாரி உரிமையாளரையும் உழவர் பிரதிநிதியையும் உட்கார வைத்தார்கள். உள்நாட்டுப் போரிலிருந்து மீண்ட எத்தியோப்பியாவில் 1997-இல் அப்படி ஒரு நிதியம் வந்தது. நம் நாட்டில் 2000-இல் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில், சாலையைப் போடும் ஒப்பந்ததாரரே ஐந்தாண்டு பராமரிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே சேர்த்தது நல்ல ஏற்பாடு. ஆறாம் ஆண்டுக்கும் அதுபோல ஒரு வழி எல்லாச் சாலைக்கும் வேண்டும்.

இதில் புதிய சிக்கல் ஒன்று முளைத்திருக்கிறது. மின்சார வாகனங்கள் பெருகப் பெருக, பெட்ரோல் வரியை நம்பிய சாலை நிதி சுருங்கும். நியூசிலாந்து 2024 ஏப்ரல் முதல் மின்சாரக் கார்களிடமும் ஓடிய கிலோமீட்டருக்கு ஏற்பக் கட்டணம் வாங்குகிறது. இன்று மறுகட்டமைப்பைத் தொடங்கும் நாடு, இருபதாண்டுக்குப் பின் வற்றிவிடும் ஊற்றை மட்டும் நம்பித் திட்டம் போடலாகாது.

கேள்வி: இலங்கையில் போர் முடிந்ததும் யாழ்ப்பாணத்துக்கு ரயில் விட்டார்கள்; அம்பாந்தோட்டையில் துறைமுகம் கட்டினார்கள். கடைசியில் நாடே கடனில் மூழ்கியது. கட்டியதே தவறா?
– துறைமுகச் சரக்கு முகவர், தூத்துக்குடி

பதில்: இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். 1990-இல் நின்றுபோன யாழ்ப்பாண ரயில், இந்தியக் கடனுதவியில் இந்திய அரசு நிறுவனமான இர்கான் பாதையைப் புதிதாகப் போட்ட பிறகு, 2014 அக்டோபரில் திரும்பி வந்தது. அந்த வழியில் பயணம் செய்ய மக்கள் ஏற்கெனவே இருந்தார்கள். அறுந்த உறவுகளும் வணிகமும் அந்தப் பாதைக்காகக் காத்திருந்தன. லாப நட்டக் கணக்கில் மட்டும் அதன் பயனை அளக்க முடியாது. அம்பாந்தோட்டைக்கு அருகே கட்டிய மத்தள விமான நிலையமோ 2013-இல் சீனக் கடனில் திறக்கப்பட்டு, விமானங்கள் வராமல் ஓய்ந்து கிடந்தது. தேவை முதலில் இருந்து பாதை பின்னால் வந்தது ஒன்று. பாதையைப் போட்டுவிட்டால் தேவை தானாக வரும் என்று நம்பியது மற்றொன்று.

அம்பாந்தோட்டையைப் பற்றிப் பேசுபவர்கள், கடனைக் கட்ட முடியாததால் சீனா துறைமுகத்தைப் பிடுங்கிக்கொண்டது என்று சொல்லிவிடுகிறார்கள். நடந்தது சற்று வேறு. 2017-இல் ஒரு சீன நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டுப் பெற்ற சுமார் 112 கோடி டாலர், அந்தத் துறைமுகக் கடனை அடைக்கப் போகவில்லை. நாட்டின் டாலர் கையிருப்பைத் தூக்கி நிறுத்தப் போனது. அந்த அளவுக்கு டாலர் தட்டுப்பாடு அங்கே முன்பே இருந்தது. சரக்கு முகவரான உங்களுக்கு இதன் பொருள் உடனே புரியும்: சாலையும் ரயிலும் ஈட்டுவது உள்நாட்டு ரூபாய், கட்ட வேண்டிய கடனோ டாலர். 2022-இல் இலங்கை ரூபாய் டாலருக்கு 200 என்ற அளவிலிருந்து சில வாரங்களில் 360-ஐ எட்டியபோது, ஒரு ரூபாய்கூடப் புதிதாகக் கடன் வாங்காமலே ரூபாய்க் கணக்கில் டாலர் கடனின் சுமை ஐந்தில் நான்கு பங்கு கூடிவிட்டது. அந்த ஆண்டு ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நாடே நிறுத்தியது. எனவே டாலர் ஈட்டித் தரும் துறைமுகத்துக்கு டாலர் கடன் வாங்கலாம்; உள்ளூர்ப் பேருந்து ஓடும் சாலைக்கு, நீண்ட தவணையும் மிகக் குறைந்த வட்டியும் இல்லாத டாலர் கடன் ஆகாது.

கேள்வி: எங்கள் பக்கம் கல்லும் எம்-சாண்டும் ஏற்றிக்கொண்டு டாரஸ் லாரிகள் இரவும் பகலும் போகின்றன. புதுச்சாலை போட்ட வேகத்தில் பள்ளமாகிறது. கார்க்காரரும் நாங்களும் கட்டும் வரியில் அவர்களுக்கா சாலை?
– விவசாயி, கடையம்

பதில்: உங்கள் கோபம் நியாயமானது, அதற்கு அறிவியல் ஆதாரமும் உண்டு. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் சாலைகளைப் போட்டு, லாரிகளை ஓயாமல் ஓட்டிப் பார்த்த சோதனையில் ஒரு விதி தெரியவந்தது: ஓர் அச்சின் மீதான எடை இரண்டு மடங்கானால், சாலைக்கு ஏற்படும் தேய்மானம் ஏறத்தாழ பதினாறு மடங்காகிறது. காரின் பங்கு இதில் கணக்கில் வராத அளவுக்குச் சிறியது. மறுகட்டமைப்புக் காலத்தில் கல், மணல், சிமென்ட், இரும்பு ஏற்றிய லாரிகள்தான் அதிகம் ஓடும் என்பதால், புதிதாகப் போட்ட சாலையை அந்தக் கட்டுமானமே தின்றுவிடும் ஆபத்து இருக்கிறது. நாடு முழுவதையும் கட்டி எழுப்பும் திட்டத்தில் கனமான சரக்கை இயன்றவரை ரயிலுக்கும் படகுக்கும் மாற்றுவதும், குவாரி வாசலிலேயே எடைமேடை வைப்பதும், அதிக பாரத்துக்கு அபராதத்தோடு நிற்காமல் கூடுதல் சரக்கை அங்கேயே இறக்கச் செய்வதும் சாலை போடுவதற்கு முன்பே வர வேண்டிய ஏற்பாடுகள்.

கேள்வி: சுலோசன முதலியார் தன் சொந்தப் பணத்தில் ஆற்றுப் பாலம் கட்டினார். இன்று கோடீசுவரர்கள் பெருகிவிட்ட காலத்தில் ஏன் அப்படி யாரும் செய்வதில்லை?
– வாசகி, திருநெல்வேலி டவுன்

பதில்: ஆட்சியர் அலுவலகத்தில் சிரஸ்தாராக இருந்த ஒருவர், நெல்லையையும் பாளையங்கோட்டையையும் இணைக்க 1843-இல் திறக்கப்பட்ட பாலத்துக்குத் தன் குடும்பச் சொத்தைக் கொடுத்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும். ஆனால் அவர் கொடுத்தது கட்டுவதற்கான பணம். பிறகு வந்த வெள்ளங்களில் சேதமடைந்தபோது செப்பனிட்டதும், போக்குவரத்து பெருகியபோது அகலப்படுத்தியதும் பொதுப்பணம். ஏறத்தாழ 180 ஆண்டாகத் தலைமுறை தலைமுறையாக யாரோ ஒருவர் கணக்கெழுதிப் பணம் ஒதுக்கியதால்தான் இன்றும் அதன்மேல் பேருந்து ஓடுகிறது. கொடையாளர்கள் இன்று பாலம் கட்ட முன்வந்தால் வரவேற்போம். ஆனால் ஒரு நாட்டின் வழித்தடத்தைக் கொடையை நம்பித் திட்டமிட முடியாது.

கேள்வி: உக்ரைனுக்குப் போகும் பணம் உரிய இடத்துக்குப் போய்ச் சேருகிறதா என்று யார் பார்க்கிறார்கள்?
– வங்கி ஊழியர், பாளையங்கோட்டை

பதில்: அங்கே அரசுக் கொள்முதலில் பெரும்பகுதி 2016 முதல் புரோசோரோ என்ற இணைய ஏற்பாட்டின் வழியாக நடக்கிறது, எந்த டெண்டரை யார் என்ன விலைக்கு எடுத்தார் என்பதை எவரும் பார்க்கலாம். மறுகட்டமைப்புக்கென்று 2023-இல் டிரீம் என்ற தளம் வந்தது. ஒரு பாலம் முன்மொழியப்பட்ட நாளிலிருந்து பணம் ஒதுக்கி வேலை முடியும்வரை அதில் பதிவாகிறது. முறைகேடு அங்கே ஒழிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். எங்கே பார்ப்பது என்பது மக்களுக்குத் தெரிந்திருக்கிறது, அதுவே பெரிது.

கேள்வி: எங்கள் ஊர்த் தாம்போதியில் (தரைப்பாலத்தில்) ஒவ்வொரு வெள்ளத்துக்கும் இரண்டு நாள் போக்குவரத்து நின்றுவிடுகிறது. உயர்மட்டப் பாலம் கேட்டு மனுக் கொடுக்கப் போகிறோம். மனுவில் என்ன எழுத வேண்டும்?
– ஊராட்சி வார்டு உறுப்பினர், சேரன்மகாதேவி அருகே

பதில்: முதலில் அந்தச் சாலை யாருடையது என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்: ஊராட்சி ஒன்றியத்தினுடையதா, மாநில நெடுஞ்சாலைத் துறையினுடையதா, பாசனக் கால்வாய்க் கரையாக இருந்தால் நீர்வளத் துறையினுடையதா. தவறான மேசைக்குப் போன மனு திரும்பி வருவதற்குள் ஒரு பருவமழை கடந்துவிடும். அடுத்து, 2023 டிசம்பரில் தண்ணீர் ஏறிய உயரத்தை ஊர்ப் பெரியவர்களைக் கேட்டு, சுவரிலோ மின்கம்பத்திலோ அடையாளமிட்டுப் படமெடுத்து இணையுங்கள்; பொறியாளரின் கணக்குக்கு அது உதவும். வழி அடைபடும் நாளில் பள்ளிக்குப் போக முடியாத பிள்ளைகள் எத்தனை பேர், ஆம்புலன்ஸ் சுற்றிவர வேண்டிய தூரம் எவ்வளவு, அறுவடை நெல் எத்தனை மூடை தேங்குகிறது என்பவற்றை ஊர்க் கணக்காக எழுதுங்கள். மேலே எந்தக் குளத்தின் மறுகால் (நிரம்பி வழியும் உபரிநீர்) அந்த ஓடையில் விழுகிறது என்பதையும் குறிப்பிடுங்கள், இல்லையென்றால் பாலத்தின் கண்களைக் குறைத்து மதிப்பீடு போட்டுவிடுவார்கள். கடைசியாக, பாலத்தின் வாயை ஆண்டுதோறும் ஐப்பசிக்கு முன் தூர்வாரும் பொறுப்பு யாருடையது, அதற்கு எந்தத் தலைப்பில் பணம் என்பதை எழுத்தில் கேட்டு, பதிலை ஊராட்சித் தீர்மானப் புத்தகத்தில் ஒட்டி வையுங்கள்.